டெமோவும் என் ஒட்டடைக் கம்பும்

சத்தம் போட்டு அடுத்தவர் தூக்கத்தைக் கெடுத்தவர்கள் இந்த உலகத்தில் கோடிப் பேர் இருப்பார்கள். சத்தத்தை நிறுத்தி ஒருத்தியின் தூக்கத்தைக் கெடுத்த ஒரே ஆள் எங்கள் டெமோதான். அந்தப் பாவப்பட்ட ஒருத்தி நான்.

அப்போது எனக்கு முண்டியம்பாக்கம் அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. குடியிருந்தது திண்டிவனத்தில், ஏரிக்கரைப் பக்கம் ஒரு தெருவில், கீழ் போர்ஷன். மாடியில் ரிட்டயரான பஸ் கண்டக்டர் ஒருவர், அவர் சம்சாரம், மகள் தமிழரசி, மகன் டெமோ. கண்டக்டர் வேலையை விட்டாலும் விசிலை விடவில்லை. சட்டைப் பையிலேயே இருக்கும். சாப்பாடு தயார் என்றால் பிள்ளைகளை அந்த விசிலை ஊதித்தான் கூப்பிடுவார்.

நைட் டியூட்டி முடித்து, பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து, காலை வெயிலில் கதவைச் சாத்திக்கொண்டு நான் படுப்பேன். சரியாக அந்த நேரத்துக்கு மேலே டெமோ கம்ப்யூட்டரைத் திறப்பான். ஃப்ளெக்ஸ் கடையில் காதுகுத்துக்கும் கல்யாணத்துக்கும் பேனர் டிசைன் பண்ணுகிற வேலை அவனுக்கு. அது மத்தியானத்துக்கு மேல்தான். அதுவரை இசை. இசை என்று சொன்னது அவன். கூரையைத் தாண்டி என் கட்டிலுக்கு இறங்கி வந்தது டும் டும் டும் டும் மட்டும்தான்.

டும் டும்மெல்லாம் எனக்கு ஒரு பொருட்டே இல்லை. நாற்காலியில் உட்கார்ந்த மேனிக்கே தூங்கப் பழகிய ஜென்மம் நான். அது பாட்டுக்கு அடிக்கும், நான் பாட்டுக்குத் தூங்குவேன். ஆனால் நன்றாக அடித்துக்கொண்டே இருப்பது திடீரென்று பொசுக்கென்று நின்றுவிடும். ஒரு பொட்டுச் சத்தம் இருக்காது. அந்த நொடியே எனக்குத் தூக்கிவாரிப் போட்டு விழிப்பு வந்துவிடும். வார்டில் ஓடிக்கொண்டிருக்கிற மிஷின் சத்தம் நின்றால் எந்த நர்ஸும் அலறியடித்து ஓடத்தானே செய்வாள்? அந்தப் புத்தி. செருப்பைத் தேடிக்கொண்டு நான் எழுந்து நிற்கும்போது மேலே மறுபடி டும் டும் ஆரம்பிக்கும். நான் படுப்பேன். கண் செருகும். மறுபடி நின்று தொலைக்கும்.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் நைட்டிமேல் துண்டைப் போட்டுக்கொண்டு மாடி ஏறிவிட்டேன்.

"ஏன் தம்பி, அடிக்கிறதுன்னா ஒரேயடியா அடி. நடுவுல நடுவுல எதுக்கு நிறுத்திக்கினு கெடக்கற?"

"நான் நிறுத்தலக்கா. அதுவா நின்னுக்குது."

"எது?"

"சாப்ட்வேருக்கா. இது டெமோ வெர்ஷன். காசு குடுத்து வாங்கலன்னா கொஞ்ச நேரத்துக்கு ஒரு தபா வாய மூடிக்கும். அப்புறம் அதுவே ஆரம்பிச்சிக்கும். எக்ஸ்போர்ட் பண்ணி பாட்டா எடுத்தாலும் அந்த கேப் உள்ள உக்காந்துக்கினு இருக்கும்."

இப்படித்தான் அவனுக்கு அந்தப் பெயர் வந்தது. பெற்ற தாயே டெமோ என்றுதான் கூப்பிட்டாள். நிஜப் பெயர் என்னவென்று எனக்கு இன்றுவரைக்கும் தெரியாது. தங்கச்சி கல்யாணப் பத்திரிகையில்கூட 'அன்பு அண்ணன் டெமோ' என்றுதான் அச்சடித்திருந்தார்கள்.

"ஊர்ல எல்லாப் பசங்களும் திருட்டு காப்பிதான வெச்சிருக்காங்க, நீயும் போட்டுத் தொலைய வேண்டியதுதானே?" என்று கேட்டேன். ஒரு அரசாங்க ஊழியர் கேட்கக்கூடாத கேள்விதான். தூக்கம் கெட்டால் நியாயமும் கெட்டுவிடும்.

அதற்கு அவன் அம்மா சமையல்கட்டிலிருந்தே பதில் சொன்னாள். "அது எப்டி நர்சம்மா? அவன் பாட்டு நாளைக்கி நம்ம தெரு அம்மன் கோயில்ல போடறதுதான? திருட்டு சாமான்ல செஞ்சத ஆத்தா கேக்குமா?" சொல்லிவிட்டு, என் கோபம் அடங்க ஒரு கிண்ணம் அவித்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, கொண்டுவந்து வைத்தாள். அப்புறம் நான் சண்டைக்குப் போகும்போதெல்லாம் மல்லாட்டை வந்தது. சில நாள் மல்லாட்டைக்காகவே சண்டைக்குப் போனேன் என்பதும் உண்மை.

அந்த டெமோ வெர்ஷனுக்கு இன்னொரு குணமும் உண்டு. செய்ததைச் சேமித்து வைக்க விடாது. கம்ப்யூட்டரை மூடினால் அன்றைக்குச் செய்த அத்தனையும் போச்சு. உலை வைத்தால் சோறு வடித்துவிட்டுத்தான் எழுந்திருக்கணும். ஆகவே டெமோ தினம் ஒரு பாட்டை ஆரம்பித்து அன்றைக்கே முடித்துப் பாட்டாக எடுத்துவிடுவான். அவன் பாட்டெல்லாம் கடைசியில் சட்டென்று அறுந்த மாதிரி முடியும். விவரம் தெரிந்த இரண்டொருவர் அதை அவனுடைய பாணி என்று புகழ்ந்தார்கள். அது ஃப்ளெக்ஸ் கடை முதலாளி போன் பண்ணி "இன்னும் வரலையாடா" என்று கத்துகிற நேரம் என்பது எனக்குத் தெரியும்.

ஒருநாள் பாட்டு முக்கால்வாசி ஆனபோது கரண்ட் போய்விட்டது. மாடியிலிருந்து அலறல். பாம்பு என்று நினைத்துத் தெருவே ஓடியது. டெமோ படிக்கட்டில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தான்.

எதிர்வீட்டுக்காரர், "யாருப்பா பூட்டாங்க?" என்று நிஜமான கவலையோடு கேட்டார்.

"பாட்டு பூடுச்சி மாமா."

அவன் அப்பா கண்டக்டர் அதைக் கேட்டுத் தலையிலடித்துக்கொண்டார். "இத்தினி வருசம் பஸ்ஸுல எவ்ளவோ தொலைஞ்சி பாத்துக்கீறேன். பாட்ட தொலைச்சவன இன்னிக்கிதான் பாக்கறேன். தண்டம்!"

அவன் வேலை செய்கிற விதத்தைப் பார்த்தால் சிரிப்பு வரும். சாப்ட்வேர் திறந்தவுடன் என்ன வேகம் காட்டுகிறதோ அதுதான் அவன் வேகம். அதை மாற்றலாம் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. கல்யாணமா, கருமாதியா, எல்லாம் ஒரே ஓட்டம். பக்கத்துத் தெருவில் ஒரு பேர் வைக்கிற விசேஷத்துக்குத் தாலாட்டு செய்து கொடுத்தான். தூங்கிக்கொண்டிருந்த தாத்தா அதைக் கேட்டு எழுந்துவிட்டார். குழந்தையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

வாத்தியங்களும் அப்படித்தான். சாப்ட்வேரில் அவை இங்கிலீஷ் எழுத்து வரிசையில் ஒரு பட்டியலாக நிற்கும். டெமோ ஏ-யில் ஆரம்பித்து பி-யோடு திரும்பிவிடுவான். அகார்டியன், பெல், பேஸ், பாஞ்சோ. இவ்வளவுதான் அவன் கச்சேரி. வயலின் கிடக்கிற வி வரைக்கும் அவன் போனதே கிடையாது.

"ஏன்டா, வயலின் வெச்சா நல்லாருக்குமே?" என்று தமிழரசி கேட்டாள்.

"அது ரொம்ப கீழ கீது. அவ்ளோ தூரம் போய்ட்டு வர்றதுக்குள்ள கடைக்கி டைம் ஆயிடும்."

இந்த லட்சணத்தில் இரண்டு வருஷம் ஓடியது. ஒருநாள் பொறுமை மொத்தமும் போய், மூலையில் இருந்த ஒட்டடைக் கம்பை எடுத்துக் கூரையை டொக் டொக் டொக் என்று இடித்து, தொண்டை கிழியக் கத்தினேன்.

"டேய் டெமோ! நிறுத்துடா!"

அன்றைக்கு மேலே அவன் மைக்கைத் தரையில் வைத்து, குக்கர் விசிலைப் பதிவு பண்ணிக்கொண்டிருந்திருக்கிறான். குக்கர் சரியாகப் பதிவாகவில்லை. நான் கச்சிதமாகப் பதிவானேன்.

சாயங்காலம் மல்லாட்டைக் கிண்ணமும் ஹெட்போனுமாகக் கீழே வந்தான். வாசலிலேயே நின்றான்.

"கோச்சிக்காதீங்கக்கா. ஒரே ஒரு தபா கேளுங்க. புடிக்கலன்னா இப்பவே அழிச்சிடறேன்."

கேட்டேன். டும் டும் என்பதற்குப் பதில் டொக் டொக் டொக். என் ஒட்டடைக் கம்பு! மேலே அகார்டியன், பெல். சத்தம் ஏறிக்கொண்டே போகிறது. உச்சியில் திடீரென்று என் குரல்: 'டேய் டெமோ! நிறுத்துடா!' உடனே கப்சிப். அந்தப் பாழாய்ப்போன கேப், சரியாக அங்கே வருகிறது. அப்புறம் டொக் டொக் என்று மறுபடி பாய்கிறது. காசு கொடுக்காததால் வந்த மௌனம் என்று யார் சொல்வார்கள்? நான் அதட்டினேன், பாட்டு பயந்து நின்றது. அவ்வளவுதான்.

"கேப் எங்க வரும்னு எனக்கு மனப்பாடம்க்கா. அதுக்கு முன்னாடி உங்கள உக்கார வெச்சிட்டேன்."

திட்டத்தான் வாயைத் திறந்தேன். சிரிப்பு வந்துவிட்டது. "இன்னொரு தபா போடு" என்றேன்.

அந்த ஆடியில் அம்மன் கோயிலில் கூழ் ஊற்றும்போது அந்தப் பாட்டைப் போட்டார்கள். பிள்ளைகள் ஆடினார்கள், பெரியவர்கள் ஆடினார்கள். 'நிறுத்துடா' என்று என் குரல் மைக் செட்டில் இடித்ததும் தூக்கிய கை தூக்கியபடி, மடக்கிய கால் மடக்கியபடி தெருவே நின்றது. கேப்பைக் கூழ் ஊற்றிக்கொண்டிருந்தவர்கூடக் கரண்டியை அந்தரத்தில் நிறுத்திவிட்டார். டொக் டொக் என்று மறுபடி ஆரம்பித்ததும் எழும்பிய கூச்சல் இருக்கிறதே, அடேயப்பா!

அதோடு என் மானம் போயிற்று. திண்டிவனத்தில் எந்தக் காதுகுத்திலும் மஞ்சள் நீராட்டிலும் நான் அதட்டாமல் ஆட்டம் கிடையாது. பஸ்ஸில் ஏறினால் "நிறுத்துடா அக்கா, உள்ள வாங்க" என்று இடம் விடுவார்கள். ஒரு பையனுக்கு ஊசி போடப் போய், "டேய், அசையாம இருடா" என்றேன். வலியை மறந்து எழுந்து உட்கார்ந்தான். "அக்கா, அது நீங்களாக்கா?"

இந்த நேரத்தில்தான் தமிழரசிக்கு விழுப்புரத்தில் மாப்பிள்ளை அமைந்தது. எங்கள் பக்கம் கல்யாணம் மாப்பிள்ளை வீட்டார் ஊரில்தான். முந்தின நாள் சாயங்காலம் பெண்ணை ஊர்வலமாக மண்டபத்துக்கு அழைத்துப் போவார்கள். தமிழரசி ஒரே போடாகப் போட்டாள்: "பொண்ணழைப்புக்கு எங்க அண்ணன் பாட்டுதான். வேற பாட்டு போட்டா நான் வண்டிய விட்டு எறங்கிடுவேன்."

மாப்பிள்ளையின் தாய்மாமா பெரிய மீசைக்காரர். அவர் பாண்டிச்சேரியிலிருந்து ஒரு டிஜே-வுக்குச் சொல்லிவைத்திருந்தார். "பொண்ணு ஆசப்படுது, உங்க பையன் மொதல்ல ஒரு பாட்டு போடட்டும். சனம் ஆடுச்சின்னா சரி. ஆடலன்னா நம்ம டிஜே ரெடியா நிப்பாரு" என்றார்.

கண்டக்டர் மகனைப் பார்த்தார். "நாலு பேரு எதிர்ல அசிங்கப்படுத்திடாத. இதுல ஆடலன்னா கம்ப்யூட்டர மூட்ட கட்டி வெச்சிட்டு ஒழுங்கா ஃப்ளெக்ஸ் கடைய பாரு."

"ஆடலன்னா நானே ஏறக்கட்டிடறேன்பா" என்றான் டெமோ. அவன் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதே இல்லை. எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது.

வார்டில் சிநேகிதிகளிடம் சொன்னேன். எல்லோரும் சேர்ந்து கல்யாணப் பரிசாக அந்த சாப்ட்வேரின் முழு வெர்ஷனை வாங்கிக் கொடுத்துவிட்டோம். 'என் தூக்கத்துக்காகத்தான்டீ' என்றுதான் அவர்களிடம் சொன்னேன். அவன் அழுதுவிட்டான். அவன் அம்மா கம்ப்யூட்டருக்குச் சூடம் காட்டினாள்.

அங்கேதான் சனி பிடித்தது.

இப்போது சேமிக்கலாம். நாளைக்குத் திறக்கலாம். தினம் ஒரு பாட்டு முடித்தவன் ஒரே பாட்டை வாரக்கணக்கில் நோண்ட ஆரம்பித்தான். "முடிஞ்சிதா?" என்றால், "நாளைக்கி பாத்துக்கலாம்க்கா, சேவ் பண்ணி வெச்சிருக்கேன்" என்பான். ஏ, பி-யோடு நின்றவன் பட்டியலில் இறங்கிக் கடைசி எழுத்துவரை போய்விட்டான். வயலினைக் கண்டான். டிரம்பெட்டைக் கண்டான். கண்டதையெல்லாம் பாட்டில் போட்டான். கல்யாண விருந்தின் அத்தனை பதார்த்தத்தையும் ஒரே கரண்டியில் அள்ளி வைத்த மாதிரி ஆயிற்று. கேப் கிடையாது. என் ஒட்டடைக் கம்பும் இல்லை.

"என் குரல் எங்கடா?" என்று கேட்டேன்.

"எடுத்துட்டேன்க்கா. இவ்ளோ பெரிய கிப்ட்டு குடுத்தீங்க. இன்னுமா உங்க மானத்த வாங்கறது? மரியாதைன்னு ஒண்ணு கீதில்ல?"

அந்த வாரம் நிம்மதியாகத் தூங்கினேன். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

பெண்ணழைப்பு அன்றைக்கு திண்டிவனத்திலிருந்து வேன் வேனாக எங்கள் தெரு மொத்தமும் விழுப்புரம் போய் இறங்கியது. பிள்ளையார் கோயில் வாசலில் அலங்காரக் காரில் தமிழரசி. முன்னால் ஒரு குட்டியானை வண்டியில் பாக்ஸ், மைக், இரவல் லேப்டாப்போடு டெமோ. பின்னால் இன்னும் பெரிய வண்டியில் பாண்டிச்சேரி டிஜே, கூலிங்கிளாஸோடு.

டெமோ பாட்டைப் போட்டான். எங்கள் ஜனம் பாய்ந்து ஆடியது. ஆடிக்கொண்டே எல்லோரும் அந்த இடத்துக்காகக் காத்திருந்தார்கள். கையைத் தூக்கித் தயாராக வைத்தார்கள். கேப் வரவில்லை. மறுபடி ஆடினார்கள். மறுபடி கையைத் தூக்கினார்கள். பாட்டு வயலினும் டிரம்பெட்டுமாகப் போய்க்கொண்டே இருந்தது. மூச்சு வாங்கியது. எதிர்வீட்டுக்காரர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒரு கடைப் படியில் உட்கார்ந்தார். ஒவ்வொருவராக ஓரம் கட்டினார்கள். பாதித் தெரு தாண்டுவதற்குள் ஆடுவது இரண்டு குழந்தைகள் மட்டும்தான். அதில் ஒன்று ஐஸ் கேட்டு அழுதுகொண்டிருந்தது.

மீசைக்காரர் திரும்பி டிஜே-வைப் பார்த்துக் கையைத் தூக்கினார். கண்டக்டர் தரையைப் பார்த்துக்கொண்டு நடந்தார். காருக்குள் தமிழரசி உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். டெமோவைப் பார்த்தேன். அவன் யாரையும் பார்க்கவில்லை. லேப்டாப் மூடியை மெல்லக் கீழே இறக்கிக்கொண்டிருந்தான்.

எனக்கு எங்கிருந்து வந்ததோ அப்படி ஒரு ஆத்திரம்! இத்தனை நாள் என் தூக்கத்தைத் தின்று வளர்த்ததை இவன் இப்போது மூடப்போகிறானா? பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குட்டியானையில் தொற்றி ஏறி, மைக்கைப் பிடுங்கிக் கத்தினேன்.

"டேய் டெமோ! நிறுத்துடா!"

பழக்க தோஷம். அவன் விரல் தானாகப் போய் லேப்டாப் பட்டனைத் தட்டியது. பாட்டு பொசுக்கென்று நின்றது.

விழுப்புரம் தெருவில் எங்கள் ஜனம் அத்தனையும் நடந்த இடத்தில் சிலையாக நின்றது. கடைப் படியில் உட்கார்ந்தவர் பாதி எழுந்த வாக்கில் நின்றார். ஆரத்தித் தட்டு நின்றது. டிஜே-வைக் கூப்பிடக் கையைத் தூக்கிய மீசைக்காரர், எல்லோரும் நிற்கிறார்களே என்று என்ன ஏது தெரியாமல் தூக்கிய கையோடு தானும் நின்றுவிட்டார். டெமோ என்னையே பார்த்தான். எப்போது ஆரம்பிப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. இத்தனை வருஷம் அதை சாப்ட்வேர் அல்லவா பார்த்துக்கொண்டது!

அப்போதுதான் அந்த நிசப்தத்தில் ஒரு சத்தம். ப்ரீப், ப்ரீப்!

கண்டக்டர். சட்டைப் பையிலிருந்து விசிலை எடுத்து இரண்டு ஊது ஊதிவிட்டு, வண்டியின் பக்கவாட்டில் பட்பட்டென்று தட்டினார். "ரைட், ரைட்! போலாம்டா, போ!"

டெமோ தட்டினான். பழைய டொக் டொக் பாட்டைத்தான் தட்டியிருந்தான். என் ஒட்டடைக் கம்பு! ஜனம் எகிறியது பாருங்கள், அதைச் சொல்ல எனக்கு வாய் போதாது. மண்டபம் வரைக்கும் நான் நிறுத்தினேன், கண்டக்டர் கிளப்பினார். காருக்குள்ளிருந்து பெண்ணே இறங்கி ஆடியது. மீசைக்காரர் இரண்டாவது தடவையே பிடித்துக்கொண்டார். மூன்றாவது தடவை மற்றவர்களுக்கு முன்னால் அவர்தான் நின்றார். பாண்டிச்சேரி டிஜே கூலிங்கிளாஸைக் கழற்றிவிட்டு வண்டியிலிருந்து இறங்கி வந்தார். "அண்ணே, இது இன்னா சாப்ட்வேருண்ணே?"

"இது சாப்ட்வேர் இல்ல தம்பி. இது எங்க நர்சக்கா" என்றான் டெமோ.

மண்டப வாசலில் எனக்குக் குரலே இல்லை. மீசைக்காரர் பக்கத்தில் வந்து மரியாதையாகக் கேட்டார். "ஏங்க, பங்குனியில நம்ம வீட்ல ஒரு காதுகுத்து கீது. உங்களுக்கு டியூட்டி எப்பங்க?"

இப்போது டெமோ விழுப்புரத்திலேயே ஒரு ரூம் எடுத்துப் பாட்டு செய்கிறான். ஃப்ளெக்ஸ் கடையை விட்டுவிட்டான். ஆனால் அவனுக்கென்று ஒரு சட்டம் வைத்திருக்கிறான்: ஆரம்பித்த பாட்டை அன்றைக்கே முடிக்கணும், பி-யைத் தாண்டி இறங்கக்கூடாது, கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை கேப் விடணும். "காசு குடுத்து வாங்கின சாப்ட்வேர்ல காசு குடுக்காத மாதிரி நிறுத்தறான் பாரு, தண்டம்" என்று கண்டக்டர் எல்லோரிடமும் சொல்கிறார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்கணுமே, பூரிப்பு தாங்காது.

நான் மாற்றலாகி, கிளியனூரில் சொந்தமாக வீடு கட்டிக்கொண்டு வந்துவிட்டேன். தலைக்கு மேலே மொட்டைமாடி. அணில் ஓடினால் உண்டு. டியூட்டி முடிந்து வந்து கதவைச் சாத்தினால் அப்படி ஒரு அமைதி. பொட்டுத் தூக்கம் வரமாட்டேன் என்கிறது. பெண்ணழைப்பில் நான் கத்தியதையும் கண்டக்டர் விசிலையும் வைத்து அவன் செய்து அனுப்பிய பாட்டு போனில் இருக்கிறது. அதைப் போட்டுத் தலைமாட்டில் வைத்தால்தான் கண் செருகும். டும் டும் என்று அது பாட்டுக்கு ஓடும். 'டேய் டெமோ, நிறுத்துடா' என்று என் குரலே கேட்கும். எல்லாம் அடங்கிப் போகும். வழக்கம்போல எனக்கு விழிப்பு வரும். 'நிறுத்திடாத தம்பி' என்று முனகிவிட்டு, விசில் சத்தம் வருகிறவரைக்கும் அப்படியே காத்துக்கிடப்பேன்.